இடப்பெயர்வை எண்ணும் தரவுத்தளம்: ஒரு மதிப்பீடு

காலநிலை மாற்றமும் பேரிடர்களும் ஆண்டுதோறும் எத்தனை பேரை வீட்டைவிட்டு வெளியேற்றுகின்றன என்று நாளிதழ்களிலும் கருத்தரங்குகளிலும் சொல்லப்படும் எண்களில் பெரும்பாலானவை ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. நார்வே அகதிகள் மன்றம் 1998-இல் தொடங்கிய உள்நாட்டு இடப்பெயர்வு கண்காணிப்பு மையம், ஜெனீவாவிலிருந்து நடத்தும் உலக உள்நாட்டு இடப்பெயர்வுத் தரவுத்தளமே அந்த ஊற்று. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் இச்சேவையை ஆய்வு மாணவர்களும் செய்தியாளர்களும் அரசு அலுவலர்களும் தொண்டு நிறுவனங்களும் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். இதைவிட விரிவான, இதைவிட நேர்மையான தரவுச் சேவை இத்துறையில் இல்லை என்பதே என் மதிப்பீடு. ஆயினும் இதைத் திறந்தவுடன் நாடுகளை எண்ணிக்கையின்படி வரிசைப்படுத்தி, மேலே இருப்பது அவலம், கீழே இருப்பது நிம்மதி என்று படிப்பவர் பெருந்தவறு செய்வார். இந்த எண்களை வெயிலும் மழையும் கடலும் மட்டும் உருவாக்குவதில்லை. மாவட்ட நிர்வாகமும் நகராட்சியும் ஊராட்சியும் எடுத்த முடிவுகளும், எடுக்கத் தவறிய முடிவுகளும் ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் அடங்கியிருக்கின்றன. தரவுத்தளம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்ட முடியாமல் நிற்கிறது என்பதை இந்தக் கோணத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

முதலில் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பேரிடர்களால் நேர்ந்த இடப்பெயர்வுக்கு 2008 முதல் ஆண்டுவாரியான எண்ணிக்கை இருக்கிறது. போர், வன்முறை ஆகியவற்றால் நேர்ந்த இடப்பெயர்வு தனியாகத் தரப்படுகிறது. நாட்டையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்தால் வரைபடமாகப் பார்க்கலாம், அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம். பேரிடர் அட்டவணையில் ஒவ்வொரு நிகழ்வும் தனி வரியாக இருக்கிறது: நிகழ்வின் பெயர், தேதி, வெள்ளமா புயலா நிலநடுக்கமா வறட்சியா என்ற வகை, இடப்பெயர்வின் எண்ணிக்கை. தோராயமாக்கிய எண்ணோடு மூல எண்ணும் கிடைப்பதால், கணக்குப் போட விரும்புபவர் துல்லியத்தை இழக்க வேண்டியதில்லை. நிலநடுக்கமும் எரிமலையும் வானிலை சார்ந்தவற்றிலிருந்து பிரிக்கப்பட்டிருப்பது முக்கியமான வசதி. காலநிலை பற்றி எழுதுபவர் இந்தப் பிரிவைக் கவனிக்காமல் மொத்தத் தொகையை எடுத்துக்கொண்டால், துருக்கியிலும் சிரியாவிலும் 2023 பிப்ரவரியில் நிகழ்ந்த நிலநடுக்கங்களால் வீடிழந்தவர்களையும் வானிலையின் கணக்கில் சேர்த்துவிடுவார்.

அடுத்து, இச்சேவையின் உயிர்நாடியான ஒரு வேறுபாடு. தரவுத்தளம் இரண்டு அளவுகளைத் தருகிறது. ஓராண்டில் நிகழ்ந்த இடப்பெயர்வுகளின் எண்ணிக்கை ஒன்று. அந்த ஆண்டின் கடைசி நாளில் இன்னும் வீடு திரும்பாமல் இருப்பவர்களின் எண்ணிக்கை மற்றொன்று. முதலாவது, நிகழ்ந்த நகர்வுகளை எண்ணுகிறது. ஒரே குடும்பம் ஒரே ஆண்டில் மூன்று புயல்களுக்காக மூன்று முறை பாதுகாப்பு மையத்துக்குச் சென்றால் மூன்று முறை கணக்கில் வரும். இரண்டாவதுதான் மனிதர்களை எண்ணுகிறது. 2024-ஆம் ஆண்டில் பேரிடர்களால் 4.58 கோடி இடப்பெயர்வுகள் பதிவாயின. 2008-இல் கணக்கு தொடங்கியதிலிருந்து இதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை. ஆனால் அந்த ஆண்டின் முடிவில் பேரிடர்களால் வீடு திரும்ப முடியாமல் இருந்தவர்கள் 98 லட்சம் பேர். அதே ஆண்டில் போராலும் வன்முறையாலும் நேர்ந்த இடப்பெயர்வுகள் 2 கோடியை ஒட்டியிருந்தன, ஆண்டின் முடிவில் அவ்வாறு இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களோ 7.35 கோடி பேர். பேரிடரில் நகர்வு பெரிதாகவும் தங்கல் சிறிதாகவும், போரில் நகர்வு சிறிதாகவும் தங்கல் பெரிதாகவும் இருப்பதை இந்த நான்கு எண்களும் ஒரே பார்வையில் உணர்த்துகின்றன. இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதற்காகவே மையத்தைப் பாராட்ட வேண்டும். செய்தித் தலைப்புகள்தான் 4.58 கோடி நகர்வுகளை 4.58 கோடி அகதிகளாக மாற்றிவிடுகின்றன.

இந்த எண்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? மையம் நேரடியாக வீடுவீடாகச் சென்று எண்ணுவதில்லை. அரசுகளின் பேரிடர் மேலாண்மை அமைப்புகள், ஐக்கிய நாடுகள் அவையின் முகமைகள், செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள், உள்ளூர் ஊடகங்கள் ஆகியவை வெளியிடும் அறிக்கைகளைத் திரட்டி, ஒப்பிட்டு, ஓர் எண்ணுக்கு வருகிறது. முன்னெச்சரிக்கையாக வெளியேற்றப்பட்டவர்களின் தொகை கிடைத்தால் அதைப் பயன்படுத்துகிறது. பாதுகாப்பு முகாம்களில் தங்கியவர்களின் தொகையும் அப்படியே. இவை எதுவும் இல்லாதபோது, முற்றிலும் இடிந்த வீடுகளின் எண்ணிக்கையை அந்நாட்டின் சராசரிக் குடும்ப அளவால் பெருக்கி மதிப்பிடுகிறது. இம்முறைகளை மையம் மறைக்காமல் விளக்குவது இச்சேவையின் மீது நம்பிக்கை வரக் காரணம். ஆனால் இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த நாட்டில் எண்ணிச் சொல்லும் உள்ளூர் நிர்வாகம் இருக்கிறதோ அந்த நாட்டின் எண் பெரிதாகிறது. எண்ணுவதற்கு ஆளே இல்லாத ஊரில் மக்கள் கணக்கில் வராமலே சிதறிப் போகிறார்கள். எனவே இந்தத் தரவுத்தளம் பேரிடரை அளப்பதோடு, தன் மக்களை எண்ணத் தெரிந்த நிர்வாகம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

இதை விளக்க வங்காள விரிகுடாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டனர். அன்று இப்படியொரு தரவுத்தளம் இருந்திருந்தால், முன்கூட்டியே வெளியேற்றப்பட்டோர் என்ற கட்டத்தில் எழுதுவதற்குப் பெரிதாக எதுவும் இருந்திருக்காது. வங்கதேசம் விடுதலை பெற்ற பின், அரசும் செம்பிறைச் சங்கமும் இணைந்து புயல் தயார்நிலைத் திட்டம் ஒன்றை 1972-இல் தொடங்கின. இன்று அதில் ஏறத்தாழ 76 ஆயிரம் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கொடி ஏற்றியும் ஒலிபெருக்கியில் அறிவித்தும் வீட்டுக்கு வீடு சென்றும் எச்சரிப்பவர்கள் அந்தந்த ஊரின் ஆட்களே. 2020 மே மாதம் அம்பன் புயல் வந்தபோது வங்கதேசத்தில் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கரையோரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். இந்தியாவையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐம்பது லட்சம் இடப்பெயர்வுகள் அந்த ஒரே நிகழ்வின் பேரில் பதிவாகியுள்ளன. உயிரிழந்தோர் இரு நாடுகளிலும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேர். ஒடிசாவில் 1999-இன் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டதையும், 2013-இல் பைலின் புயலின்போது சுமார் பத்து லட்சம் பேர் வெளியேற்றப்பட்டு உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். தரவுத்தளத்தின் வரிசையில் அம்பனும் பைலினும் பெரும் இடப்பெயர்வு நிகழ்வுகள். அவற்றின் பெரும்பகுதி உண்மையில் பெரும் மீட்பு நிகழ்வுகள்.

பணக்கார நாடுகளுக்கும் இது பொருந்தும். 2024-இல் பேரிடர் இடப்பெயர்வில் உலகிலேயே முதலிடம் அமெரிக்காவுக்கு. அங்கு ஏறத்தாழ 1.1 கோடி நகர்வுகள் பதிவாயின, அதாவது உலக மொத்தத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஹெலீன், மில்டன் முதலிய சூறாவளிகளுக்கு முன்பு பிறப்பிக்கப்பட்ட வெளியேற்ற ஆணைகள் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஃபுளோரிடாவில் அவ்வாணைகளைப் பெரும்பாலும் பிறப்பிப்பது கவுண்டி எனப்படும் மாவட்ட அளவிலான நிர்வாகம். தலைநகரில் இருப்பவர்கள் முடிவெடுக்கும்வரை அது காத்திருப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி லிபியாவின் டெர்னா நகரம். 2023 செப்டம்பரில் டேனியல் புயல் கொட்டிய மழையில் நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் உடைந்து, ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டனர். புவி வெப்பமாதலால் அத்தகைய கனமழைக்கான வாய்ப்பு பன்மடங்கு கூடியிருந்ததாக அறிவியலாளர்கள் விரைவிலேயே மதிப்பிட்டார்கள். ஆனால் 1970-களில் கட்டப்பட்ட அந்த அணைகளின் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கப்பட்டும் வேலை நடக்கவில்லை என்பதும், நாடு கிழக்கும் மேற்குமாக இரண்டு அரசுகளிடம் சிக்கியிருந்ததும், மக்களுக்குத் தெளிவான வெளியேற்ற ஆணை போய்ச் சேராததும் அதே அளவு உண்மை. எச்சரிக்கை முறை ஒழுங்காக இயங்கியிருந்தால் பெரும்பாலான உயிரிழப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என்று உலக வானிலை அமைப்பின் தலைவரே அப்போது கூறினார். 2024-இல் லிபிய நீதிமன்றம் ஒன்று அதிகாரிகள் 12 பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அந்தப் புயலால் டெர்னா உள்ளிட்ட வடகிழக்கு லிபியாவில் இடம்பெயர்ந்தவர்கள் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர். அம்பன் நிகழ்வின் வரிக்கு அருகில் இந்த வரியை வைத்தால் இது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு டெர்னா சிறிய நிகழ்வு.

ஆகவே இச்சேவையில் நான் முதலில் கேட்கும் மாற்றம் இதுதான்: முன்னெச்சரிக்கையாக வெளியேற்றப்பட்டவர்களையும் வீடு அழிந்ததால் வெளியேறியவர்களையும் நிகழ்வு அட்டவணையின் முகப்பிலேயே இரண்டு தனிப் பத்திகளாக, அதாவது நெடுவரிசைகளாகக் காட்ட வேண்டும். மையத்தின் ஆண்டறிக்கைகள் தம் விளக்கங்களில் இந்த வேறுபாட்டை அடிக்கடி எடுத்துச் சொல்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையை மட்டும் இறக்கிக்கொண்டு போகும் செய்தியாளரின் கண்ணில் அந்த விளக்கம் படுவதில்லை.

உள்ளாட்சிக்குச் சட்டமும் பணமும் இருந்தால் என்ன நேரும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் பக்கங்களைத் திறந்து பார்ப்பது பயன் தரும். ஆண்டுதோறும் இடப்பெயர்வு எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கு 2010-இல் இயற்றப்பட்ட பேரிடர் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் மதிப்பிடப்பட்ட வருவாயில் குறைந்தது 5 சதவீதத்தைப் பேரிடர் நிதியாக ஒதுக்க வேண்டும். அந்த நிதியில் 30 சதவீதம் உடனடி நிவாரணத்துக்கென்று நிற்க, மீதியைப் பேரிடர் வருவதற்கு முன்பே தயார்நிலைக்குச் செலவிடலாம். பரங்காய் எனப்படும் மிகச் சிறிய ஊர் நிர்வாகம்வரை இந்தக் கடமை இறங்குகிறது. இவ்வளவு இருந்தும் 2013-இல் ஹையான் புயலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். ஏழை நகராட்சியின் வருவாயில் ஐந்து சதவீதம் மிகச் சிறிய தொகை என்பதும், கரையோரத்தில் வீடு கட்டக்கூடாது என்ற தடை பின்னர் அறிவிக்கப்பட்டபோது மாற்று நிலம் எங்கே என்ற கேள்விக்கு உடனே விடை இல்லாததும் அந்த அனுபவத்தில் வெளிப்பட்டன. சட்டம் உள்ளாட்சியின் தோளில் பொறுப்பை வைத்துவிடலாம். நிலம் வாங்கும் பணத்தை யார் தருவது என்பது வேறு கேள்வி.

தரவுத்தளத்தின் மிகப் பலவீனமான பகுதி மெதுவாக வரும் பேரிடர்களைப் பற்றியது. புயலுக்குத் தேதி உண்டு. வறட்சிக்கும் உவர்நிலத்துக்கும் கரை அரிப்புக்கும் அப்படியொரு நாள் இல்லை. மூன்று பருவங்கள் மழை பொய்த்தபின் ஆடுகளை விற்று, நான்காவது பருவத்தில் மகனை நகரத்துக்கு அனுப்பி, ஐந்தாவது பருவத்தில் குடும்பமே கிளம்பினால், எந்த நாளை இடப்பெயர்வின் நாளாகக் குறிப்பது? ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியில் 2020-இன் இறுதியிலிருந்து தொடர்ச்சியாக ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தபோது, சோமாலியாவில் 2022-இல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வறட்சி இடப்பெயர்வுகள் பதிவாயின. முகாம்களுக்கு வந்து சேர்பவர்களை எண்ணும் ஏற்பாடு அங்கே இருந்ததால்தான் இந்த எண்ணாவது கிடைத்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத நாடுகளின் வறட்சி வரிகள் வெறுமையாக இருப்பதை, அங்கு எவரும் நகரவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோமாலியா இன்னொன்றையும் கற்பிக்கிறது. நகரத்தின் ஓரத்தில் தனியார் நிலத்தில் குடிசை போட்டவர்கள், நிலத்தின் மதிப்பு உயர்ந்ததும் மீண்டும் விரட்டப்பட்டார்கள். மழை அவர்களை ஒருமுறை வெளியேற்றியது, நில உரிமை இல்லாமை பலமுறை வெளியேற்றியது. பைடோவா நகரில் பொது நிலத்தை ஒதுக்கி, பர்வாகோ என்ற குடியிருப்பை அமைத்து, குடியேறியவர்களுக்கு நில ஆவணம் வழங்கிய முயற்சி இந்தச் சுழற்சியை நிறுத்தத் தொடங்கப்பட்டது. காலநிலையை மாற்ற முடியாத ஒரு நகர நிர்வாகம் ஒரு காகிதத்தால் அடுத்த இடப்பெயர்வைத் தடுக்க முடியும் என்பதை நான் மிக முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். தரவுத்தளத்தின் எந்தப் பத்தியிலும் அதற்கு இடமில்லை.

காணாமல் போகும் இன்னொரு நகர்வு, முதல் நகர்வுக்குப் பின்பு வருவது. 2009-இல் அய்லா புயல் சுந்தரவனத் தீவுகளின் கரைகளை உடைத்து வயல்களுக்குள் கடல்நீரைப் புகுத்தியது. முகாம்களுக்குச் சென்றவர்கள் அந்த ஆண்டின் கணக்கில் வந்துவிட்டார்கள். வயல் உவர்த்து, விளைச்சல் திரும்பாமல், கரைகளைச் சீரமைக்கும் வேலை இழுபட, அதன் பின்னர் வேறு மாநிலங்களுக்குக் கட்டட வேலை தேடிப் போன ஆண்கள் கணக்கில் இல்லை. அவர்கள் வேலைக்காகப் புலம்பெயர்ந்தவர்கள் என்று வகைப்படுத்தப்படுகிறார்கள். இங்கே மையத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. கட்டாயத்தால் போவதையும் விருப்பத்தால் போவதையும் பிரிக்கும் கோடு உண்மையிலேயே மங்கலானது. ஆனால் கரை எப்போது, எவ்வளவு உயரத்துக்கு, யாருடைய நிலத்தின் வழியாகத் திரும்பக் கட்டப்பட்டது என்பதே அந்த மனிதர்கள் ஊரில் தங்கினார்களா போனார்களா என்பதைப் பெருமளவு தீர்மானித்தது.

போக முடியாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரிட்டன் அரசுக்காக 2011-இல் தயாரிக்கப்பட்ட ஓர் ஆய்வு, பணமும் தொடர்பும் இல்லாததால் ஆபத்தான இடத்திலேயே சிக்கிக்கொள்பவர்களின் நிலை இடம்பெயர்பவர்களின் நிலைக்கு இணையான கவலைக்குரியது என்று வலியுறுத்தியது. இடப்பெயர்வை எண்ணும் எந்தக் கருவியிலும் இவர்களின் எண்ணிக்கை பூச்சியமாகவே இருக்கும்.

பேரிடரின் வகையைக் குறிக்கும் பத்தியிலும் எச்சரிக்கை தேவை. ஜகார்த்தாவின் வடபகுதியில் வெள்ளத்தால் மக்கள் வெளியேறினால், அட்டவணையில் வகை என்ற இடத்தில் வெள்ளம் என்று இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அந்த நகரில் கடல் உயர்வதைவிட நிலம் தாழ்வதே பல மடங்கு வேகமாக நிகழ்கிறது. குழாய்நீர் எல்லோருக்கும் போய்ச் சேராததால் வீடுகளும் கட்டடங்களும் ஆலைகளும் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. அடியில் உள்ள மண் அடுக்குகள் இறுகித் தாழ்கின்றன. இதே சிக்கல் தோக்கியோவுக்கும் இருந்தது. நிலத்தடி நீர் எடுப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தி, தொழிற்சாலைகளுக்கு மாற்று நீர் வழங்கியதும், 1970-களில் அங்கு நிலம் தாழ்வது பெருமளவு நின்றது. இரண்டும் கடலோர நகரங்கள்தான். குடிநீர் வாரியத்தின் வேலையும் கட்டட அனுமதியும் வேறு. இந்தோனேசியா 2019-இல் தலைநகரையே போர்னியோவுக்கு மாற்ற முடிவெடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்தத் தாழ்வும் ஒன்று.

திட்டமிட்ட மறுகுடியேற்றத்தைத் தரவுத்தளத்தில் தேடுபவர் ஏமாறுவார். ஏனெனில் எண்ணிக்கை மிகச் சிறியது. ஃபிஜியின் வுனிதொகொலோவா கிராமம் 2014-இல் கடலோரத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைக்கப்பட்டது. இருநூறு பேருக்கும் குறைவான ஊர். புதிய இடம் அவர்களின் குலவழி நிலத்துக்குள்ளேயே இருந்ததால் நிலத் தகராறு எழவில்லை, ஊர் ஊராகவே இடம் மாறியது. ஃபிஜி பின்னர் 2018-இல் மறுகுடியேற்றத்துக்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. அமெரிக்காவின் லூசியானாவில் கடலில் கரைந்துகொண்டிருந்த ஐல் த ஜீன் சார்ல்ஸ் தீவின் பழங்குடி மக்களுக்காக 2016-இல் 4.8 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. குடும்பங்கள் புதிய இடத்துக்குச் சென்றது 2022-இல்தான். திட்டத்தின் கட்டுப்பாடு தங்கள் கையைவிட்டு மாநில அரசிடம் போய்விட்டதாக அந்த மக்களின் தலைமை முறையிட்டது. பணத்தின் அளவைக் கொண்டு மட்டும் பார்த்தால் வெற்றியடைந்திருக்க வேண்டியது லூசியானா. எந்த இடம், எப்படிப்பட்ட வீடு, யாரெல்லாம் சேர்ந்து போவது என்பதை முடிவுசெய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே இரண்டு அனுபவங்களுக்கும் உள்ள வேறுபாடு.

நாட்டின் எல்லையைக் கடந்தவர்கள் இச்சேவையின் வரம்புக்குள் வருவதில்லை. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. பேரிடராலும் காலநிலையாலும் நகர்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் நாட்டுக்குள்ளேயே நகர்கிறார்கள் என்பதால் இந்த வரம்பு பயன்பாட்டைப் பெரிதாகக் குறைக்கவில்லை. எல்லை தாண்டுபவர்களுக்கு 1951-இன் அகதிகள் உடன்படிக்கை பொருந்தாத நிலையில், பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்கள் ஆண்டுக்கு 280 பேர்வரை ஆஸ்திரேலியாவில் குடியேற வழிசெய்து 2024-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் போன்ற தனி ஏற்பாடுகளை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

உலக வங்கி 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டை இந்தத் தரவுத்தளத்தின் எண்களோடு கலந்து எழுதும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ஆறு உலகப் பகுதிகளில் 2050-க்குள் 21.6 கோடி பேர்வரை தம் நாட்டுக்குள் இடம்பெயரக்கூடும் என்று அது சொன்னது. அது எதிர்காலத்துக்கான மாதிரிக் கணக்கு, இதுவோ நடந்ததன் பதிவு. அந்த மதிப்பீட்டில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 21.6 கோடியை. உமிழ்வைக் குறைத்து, அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சியை உறுதிசெய்தால் அந்த எண் 80 சதவீதம்வரை குறையக்கூடும் என்று அதே மதிப்பீடு கூறுவது அரிதாகவே எடுத்துச் சொல்லப்படுகிறது.

பயன்படுத்தும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேடல் எளிது, வரைபடங்கள் தெளிவு. தமிழில் இச்சேவை இல்லாததால் ஆங்கிலம் அறியாத ஊராட்சி உறுப்பினருக்கு இது எட்டாது. புதிய தகவல் கிடைக்கும்போது பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படுவதால், எண்ணை மேற்கோள் காட்டுபவர் இறக்கிய தேதியையும் குறிப்பிடுவது நல்லது. அண்மை நிகழ்வுகளுக்கான உடனடிப் பதிவுகளும் தனியே கிடைக்கின்றன. அவை முதற்கட்ட எண்கள் என்பதால் ஆண்டுக் கணக்கோடு கூட்டிவிடக் கூடாது.

செய்தியாளருக்கும் மாணவருக்கும் இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அதிலும் உள்ளாட்சியில் பொறுப்பு வகிப்பவர்களுக்கும் அவர்களோடு பணிபுரிபவர்களுக்கும் இன்னும் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். அவர்கள் உலக மொத்தத்தைப் பார்த்து நிற்காமல், தமக்குத் தெரிந்த ஒரே ஒரு நிகழ்வின் வரியை எடுத்து, அந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் ஆணையின்பேரில் முன்பே வெளியேறினார்கள், எத்தனை பேர் வீடு இடிந்து வெளியேறினார்கள், முகாம் மூடிய நாளில் திரும்பிச் செல்ல வீடு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளுக்கும் தம் அலுவலகப் பதிவுகளிலிருந்து விடை தேடிப் பார்க்கலாம். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும், இரண்டாவதற்கு இழப்பீட்டுக் கோப்புகள் உதவும். மூன்றாவதற்கான பதிவேடு பல நாடுகளில் இல்லவே இல்லை. முகாமை மூடியதும் எண்ணும் வேலையும் முடிந்துவிடுகிறது. ஆண்டின் இறுதியில் வீடு திரும்பாதவர்கள் 98 லட்சம் பேர் என்ற எண் உண்மை நிலையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பதிவேட்டை ஜெனீவாவில் இருப்பவர்கள் தொடங்க முடியாது. ஊராட்சி எழுத்தரும் நகராட்சி அலுவலரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே குடும்பங்களைத் தேடிச் சென்று குறித்தால்தான் தரவுத்தளத்தில் அந்த வரி நிரம்பும்.